எங்க ஜூலி டூப்ளிகேட் இல்லீங்க!

உங்க தெருவுல ஒரு வெள்ளை நாய் இருக்கா பாஸ்? புசுபுசுனு முடி, நரி மாதிரி மூஞ்சி, சுருண்டு முதுகு மேல ஏறிக் கிடக்கிற வால்... கேட்டுக்குள்ள பத்திரமா நின்னுக்கிட்டு, கேஸ் சிலிண்டர் போடுற அண்ணன்ல ஆரம்பிச்சு வானத்துல போற ஏரோப்ளேன் வரைக்கும் எல்லாத்தையும் பார்த்துக் குரைக்குமே, அதேதான்! கண்டிப்பா ஒண்ணு இருக்கும். 'என்ன ஜாதி சார்?'னு கேட்டுப் பாருங்க. வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தி, 'பொமரேனியன்!' என்பார்.

சாரி... அது அநேகமா பொமரேனியன் கிடையாது!

ரொம்ப விவரமா பேசுறேன்னு நினைச்சுடாதீங்க. எனக்கே இது போன வருஷம் மாசி மகத்தன்னிக்குத்தான் தெரியும். தெரிஞ்ச பிறகு ஐயா பண்ண காரியம் இருக்கே... அதைச் சொல்லி மனசைக் கொஞ்சம் காலி பண்ணிக்கத்தான் இந்தக் கட்டுரையே!

நான் ஏழாங்கிளாஸ் படிக்கும்போது எங்க வீட்டுக்கு வந்தவ ஜூலி. அப்பா ஒரு அட்டைப்பெட்டியோட வந்து இறங்கினார். உள்ளே பஞ்சு மிட்டாய் மாதிரி ஒரு வெள்ளை உருண்டை. 'ஒரிஜினல் பொமரேனியன்டா! 3,500 ரூபாய்!' என்றார் பெருமையாக. விலையைக் கேட்டதும் எங்க ஆயா வெற்றிலை மெல்றதையே நிறுத்திட்டாங்க. 'அந்தக் காசுக்கு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கியிருந்தா, வளர்ந்து நாலு குட்டி போட்டிருக்கும்' என்பதுதான் ஜூலிக்கு எங்க வீட்டில் கிடைத்த வரவேற்புரை. அதே ஆயாதான் ஒரே மாசத்துல, தன் தட்டிலிருந்து இட்லியைப் பிய்த்து அவளுக்கு ஊட்டிக்கிட்டிருந்தாங்க என்பது தனிக்கதை.

எங்க வீடு முத்தியால்பேட்டையில. திண்ணை வச்ச பழைய வீடு. சாயங்காலம் நாலரை மணிக்கு ஜூலி திண்ணையில் வந்து உட்காருவா. ஸ்கூல் விட்டு வர்ற வாண்டுகள் எல்லாம் 'வெள்ளச்சி... வெள்ளச்சி'னு கூப்பிட்டு ஆளுக்கொரு தடவை தடவிக் குடுத்துட்டுத்தான் போகும். அம்மணியும் மாநாட்டு மேடையில உட்கார்ந்த தலைவர் மாதிரி எல்லோருடைய மரியாதையையும் ஏற்றுக்கொள்வார்!

அப்படி ஓடிக்கிட்டிருந்த வாழ்க்கையில்தான் அந்த மாசி மகம் வந்தது. வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமி வர்றதைப் பார்க்க காலேஜ் பசங்க அஞ்சாறு பேர் வந்திருந்தாங்க. அப்படியே எங்க வீட்டில் சாப்பாடு. கிளாஸ்மேட் ஒருத்தன் ஜூலியைப் பார்த்ததும் கேட்டான்.

'மச்சான், இது என்ன பிரீடு?'

'பொமரேனியன்டா.'

பய விழுந்து விழுந்து சிரிக்கிறான்! 'டேய்... இது இண்டியன் ஸ்பிட்ஸ்டா. உங்கப்பாவை நல்லா ஏமாத்தியிருக்காங்க. ஒரிஜினல் பாம் எப்படி இருக்கும்னு பாரு'னு தன் மொபைலை நீட்டினான். அவன் வீட்டு நாய். ஆரஞ்சு கலர்ல, ரெண்டு கைக்குள்ள அடங்குற சைஸ்ல, சாவி குடுத்தா நடக்கிற பொம்மை மாதிரி! எல்லாப் பசங்களும் அதைப் பார்த்துட்டு, அப்புறம் எங்க ஜூலியைப் பார்த்தாங்க. அந்த நிமிஷம் எனக்கு, பிராண்டட் ஷூனு சொல்லிப் போட்டுக்கிட்டுப் போனது சண்டே மார்க்கெட் ஷூன்னு கண்டுபிடிச்சா எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

ராத்திரி முழுக்க உட்கார்ந்து படிச்சேன். செமஸ்டருக்குக்கூட அப்படிப் படிச்சதில்லை!

பொமரேனியா என்பது பால்டிக் கடலோரத்தில் இருக்கிற ஒரு பகுதி. இன்னிக்கு அதில் ஒரு பங்கு போலந்திலும், இன்னொரு பங்கு ஜெர்மனியிலும் இருக்கு. அந்த ஊர்ப் பேர்தான் நாய்க்கும். 'ஸ்பிட்ஸ்'னா ஜெர்மன் மொழியில் கூர்மைன்னு அர்த்தம். கூர் மூஞ்சி, நிமிர்ந்த கூர்க் காது, ரெட்டை அடுக்கு முடி, முதுகு மேல வால்... இந்தக் குடும்பத்துக்கே பொதுவான சாமுத்ரிகா லட்சணம் இது.

உலக அளவில் நாய் இனங்களுக்கு இலக்கணம் எழுதுற எஃப்.சி.ஐ. அமைப்பு, பொமரேனியனைத் தனி இனமாவே வைக்கலை. ஜெர்மன் ஸ்பிட்ஸ் என்ற ஒரே இனத்தில் அஞ்சு சைஸ். பெரியண்ணன் வுல்ஃப் ஸ்பிட்ஸ், சராசரியா அரை மீட்டர் உயரம். கடைக்குட்டிதான் பொமரேனியன், சுமார் 21 சென்டிமீட்டர். அண்டாவிலிருந்து டம்ளர் வரைக்கும் ஒரே பாத்திரக்கடைன்னு வச்சுக்கோங்களேன்! இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதைத் தனி இனமா, 'டாய்' வகையில் சேர்த்திருக்காங்க. அமெரிக்கக் கணக்குப்படி எடை 3-லிருந்து 7 பவுண்டு. அதாவது ஒண்ணரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல்ல ஆரம்பிச்சு மூணே கால் கிலோவுக்குள்ள. எங்க ஜூலி ஏழு கிலோ. ரெண்டு பொமரேனியனைக் கட்டித் தராசுல வச்சாலும் ஜூலி பக்கம்தான் தாழும்!

கலர்ல மட்டும் கஞ்சத்தனமே கிடையாது. ஆரஞ்சு, கிரீம், வெள்ளை, கறுப்பு, பிரவுன், முடி நுனி மட்டும் கறுத்திருக்கிறது, ரெண்டு கலர் திட்டுத் திட்டா கலந்ததுன்னு ஒரு ஜவுளிக்கடையே வச்சிருக்கு. மூஞ்சியிலும் வெரைட்டி உண்டு. கொஞ்சம் நீளமா இருந்தா நரி மூஞ்சி. குட்டையா உருண்டையா இருந்தா டெடி பேர் மூஞ்சி. ஃபேஸ்புக்ல உலகத்தையே கொஞ்ச வச்ச 'பூ' என்ற நாய் ஞாபகம் இருக்கா? 2019-ல் செத்துப்போனது. அது பொமரேனியன்தான். முடியைக் குட்டையா வெட்டி விட்டதாலதான் அந்தப் பொம்மை லுக்.

'டீ கப் பொமரேனியன்'னு விளம்பரம் பார்த்திருப்பீங்க. அப்படி ஒரு ரகத்தை எந்தப் பெரிய கென்னல் கிளப்பும் ஏத்துக்கலை. விற்கிறவங்க வச்ச பேர் அது. அளவுக்கு மீறிச் சின்னதாக்கினா, சோபாவிலிருந்து குதிச்சாலே கால் எலும்பு உடையும். ஒரு வேளை சாப்பாடு தவறினாலே ரத்தத்துல சர்க்கரை இறங்கி மயங்கிடும்.

இதுல ஒரு சூப்பர் மேட்டர் கேளுங்க. இந்த நாய் குட்டியானதுக்கு ஒரு முக்கியக் காரணம் விக்டோரியா மகாராணி. 1888-ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்துக்குப் போனவங்க, மார்கோ என்ற பொமரேனியனோட திரும்பி வந்தாங்க. அதுக்கு முன்னாடி இங்கிலாந்தில் இருந்த பொமரேனியன்கள் இதைவிடப் பெருசு. ராணியம்மாவே சின்னதா வச்சிருக்காங்களேன்னு ஊரே சின்னதுக்கு மாறிடுச்சு. 1891-ல் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் அவங்க நாய்களும் கலந்துக்கிட்டதும் கிரேஸ் இன்னும் ஏறிப்போச்சு. அந்த மார்கோவோட எடை என்ன தெரியுமா? சுமார் 12 பவுண்டு. அஞ்சரை கிலோ! இன்னிக்கு அமெரிக்கக் கண்காட்சிக்கு வந்தா, 'ஓவர் வெயிட்'னு வாசலிலேயே நிறுத்திடுவாங்க.

சின்னதா இருந்ததால உயிர் பிழைச்ச கதையும் உண்டு. 1912-ல் டைட்டானிக் முழுகினபோது மூணு நாய்கள்தான் பிழைச்சது. அதில் ரெண்டு பொமரேனியன். படகில் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கிட்டுப் போற சைஸ்!

அப்போ நம்ம தெரு வெள்ளைக்காரி யார்? வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே வந்த அதே ஜெர்மன் ஸ்பிட்ஸ் வம்சம்தான். தலைமுறை தலைமுறையா இந்த வெயிலுக்கும் நம்ம தயிர் சாதத்துக்கும் பழகி, மூஞ்சி கொஞ்சம் நீண்டு, காது கொஞ்சம் பெருசாகி, முடியின் அடர்த்தி குறைஞ்சு 'இண்டியன் ஸ்பிட்ஸ்' ஆகிடுச்சு. கென்னல் கிளப் ஆஃப் இண்டியா அந்தப் பேரிலேயே இதை ஏத்துக்கிட்டு இருக்கு. சின்ன ரகம் அஞ்சிலிருந்து ஏழு கிலோ, பெரிய ரகம் பன்னிரண்டு கிலோவுக்கு மேல. 80, 90-களில் வெளிநாட்டு நாய் இறக்குமதி லேசுப்பட்ட காரியமா இல்லாத காலத்தில், நம்ம மிடில் கிளாஸ் வீடுகளின் செல்லமே இதுதான். 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹெயின் கௌன்' படத்தில் கிரிக்கெட்டுக்கு அம்பயரா நிக்குமே டஃபி... அதுவும் இண்டியன் ஸ்பிட்ஸ்தான்!

அப்புறம் 2003-ல் ஹட்ச் விளம்பரம் வந்து தெருவெல்லாம் பக் ஆச்சு. இப்போ டெடி பேர் மூஞ்சி சீசன். மொபைல் மாடல் மாறுற மாதிரி நாய் மாடலும் மாறிக்கிட்டே இருக்கு.

இவ்வளவும் படிச்சவன் நிம்மதியா தூங்கியிருக்கணும் இல்லையா? எனக்கு மண்டையில ஏறினது ஒரே ஒரு விஷயம்தான். 'பூ'வுக்கு முடியை வெட்டித்தானே அந்த லுக்? அப்போ ஜூலிக்கும் வெட்டினா?

மே மாசம் பசங்க எல்லாம் பீச் ரோட்டுல சந்திக்கிறதா பிளான். அவனும் தன் ஆரஞ்சு பொம்மையைக் கொண்டு வர்றான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அங்கே வண்டி விடமாட்டாங்க, காந்தி சிலை பக்கம் நாயோட நடக்க வசதி. ஜூலியை 'ஒரிஜினல்' மாதிரி கொண்டுபோய் இறக்கி அவன் மூஞ்சியில கரியைப் பூசணும்னு முடிவு பண்ணேன்.

நாய்க்கு முடி வெட்டுற கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். 'டெடி பேர் மாதிரி வேணும்'னு போட்டோவைக் காட்டினேன். 'கத்தரியில பண்ணா ரெண்டு மணி நேரம் ஆகும் தம்பி, காசும் கூட. மெஷின்ல பண்ணா முந்நூறு ரூபா கம்மி. ஆனா ஒட்ட போயிடும், பரவாயில்லையா?' என்று கடைக்காரர் தெளிவாகவே கேட்டார். பரவாயில்லைன்னு சொன்னது நான்தான். அந்த முந்நூறில் பர்கர் சாப்பிட்டதும் நான்தான்.

முக்கால் மணி நேரம் கழிச்சு வெளியே வந்தது ஜூலி இல்லை. ரோஸ் கலர் தோல் தெரியுற, ஒல்லியான, நடுங்குற ஏதோ ஒண்ணு. தலை மட்டும் பெருசு. வால் மட்டும் புசுபுசு. என்னைப் பார்த்து வாலை ஆட்டலை.

வீட்டில் ஆயா கண்ணைச் சுருக்கிப் பார்த்துட்டுக் கேட்டாங்க: 'இன்னாடா பண்ணி வச்சிருக்க அத?'

அம்மாவும் ஓடி வந்தாங்க. அங்கேதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்: 'வெயிலுக்கு நல்லதும்மா. டாக்டரே ஒட்ட எடுக்கச் சொன்னார்.'

எந்த டாக்டரும் அப்படிச் சொல்லலை. சொல்லவும் மாட்டார்.

ஜூலி கட்டிலுக்கடியில் போனவதான். நாலரை மணிக்குத் திண்ணைக்கு வரவே இல்லை. ரெண்டாம் நாள் கூட்டிட்டு வந்து உட்கார வச்சேன். ஒரு குட்டிப் பாப்பா, 'வெள்ளச்சி எங்கே?'னு அவளையே பார்த்துக் கேட்டுச்சு. அக்னி நட்சத்திர வெயில் வேற. அஞ்சு நாளில் முதுகெல்லாம் சிவந்து, சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாகிடுச்சு. பீச் ரோடு பிளானுக்கு, காய்ச்சல்னு சொல்லி நான் போகவே இல்லை.

கதை இதோட முடிஞ்சிருந்தாக்கூடப் பரவாயில்லை. அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் கத்தரிக்கோல் சத்தம். எட்டிப் பார்த்தா, அவங்க வீட்டு ஸ்பிட்ஸ் மணியைக் காலுக்கிடையில் பிடிச்சுக்கிட்டு, மாமாவோட டிரிம்மரால முடியை மழிச்சுக்கிட்டு இருக்காங்க!

'அக்கா, என்னக்கா பண்றீங்க?'

'உங்கம்மா சொன்னாங்கப்பா. வெயிலுக்கு ஒட்ட எடுத்துடணுமாமே? இன்ஜினீயரிங் படிக்கிற புள்ள, டாக்டரைக் கேட்டுட்டுத்தானே சொல்லியிருக்கும்!'

பின்பாதி முடிஞ்சிருந்தது. முன்பாதி சிங்கம், பின்பாதி ஆட்டுக்குட்டின்னு நிக்குது மணி. வேற நாளா இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன். அன்னிக்குத் தொண்டையில் ஏதோ அடைச்சுக்கிச்சு. டிரிம்மரைக் கையிலிருந்து வாங்கி, 'அக்கா... நான் பொய் சொன்னேன்'னு ஆரம்பிச்சு, மாசி மகத்திலிருந்து பர்கர் வரைக்கும் எல்லாத்தையும் கொட்டிட்டேன். அக்கா திட்டவே இல்லை. மணியைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, 'உன் பேச்சை நம்பிட்டேன்பா'ன்னாங்க. அவ்வளவுதான். நாலு அறை விட்டிருந்தா அன்னிக்குத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் ரெண்டு பேரையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு நிஜமான கால்நடை டாக்டரிடம் போனோம். அவர் சொன்னதை அப்படியே உங்களுக்குத் தர்றேன். பொமரேனியனோ, இண்டியன் ஸ்பிட்ஸோ, வீட்டில் ரெட்டை அடுக்கு முடிக்காரர் இருந்தா கட் பண்ணி வச்சுக்கோங்க. இந்தப் பேப்பரை... நாயை இல்லை!

உள்ளடுக்கு, பஞ்சு மாதிரி மெத்து மெத்துனு இருக்கும். மேலடுக்கு, நீளமா கொஞ்சம் முரடா இருக்கும். வெயில் காலத்தில் உள்ளடுக்கு தானாகவே கொட்டி, காத்துப் போக வழி விடும். மேலடுக்கு குடை மாதிரி வெயில் தோலில் படாமல் தடுக்கும். நாய் நம்மை மாதிரி உடம்பெல்லாம் வியர்த்துச் சூட்டை இறக்காது, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் இறக்கும். அதனால் முடியை எடுத்தால் குளிர்ச்சின்னு நாம நினைக்கிறது நம்ம உடம்பை வச்சுப் போடுற கணக்கு. மழிச்சுட்டா குடையும் போச்சு, தோலும் வெந்துடும். ஃபிளாஸ்க்கின் உறையைக் கழட்டிட்டு வெயிலில் வைக்கிற மாதிரி. தெர்மோடைனமிக்ஸில் 71 மார்க் வாங்கின எனக்கு இது தோணலை பாருங்க!

இன்னொண்ணும் சொன்னார். இந்த வகை நாய்களின் முடி வேர் ரொம்ப நாள் ஓய்வில் இருக்குமாம். ஒட்ட மழிச்சா அது முழிச்சு எழ ஆறு மாசமும் ஆகலாம், ஒரு வருஷத்துக்கு மேலேயும் ஆகலாம். சில இடத்தில் பழைய மாதிரி வராமலே போகலாம். 'என்ன பண்ணணும் டாக்டர்?' என்றேன். 'வாரத்துக்கு ரெண்டு தடவை ஸ்டீல் சீப்பால் வேர் வரைக்கும் சீவி, கொட்டுற உள்முடியை எடு. காலையில வெயில் ஏறும் முன்னாடியும் ராத்திரியும் நடக்க வை. ரோட்டுல உன் புறங்கையை வச்சுப் பாரு. அஞ்சு செகண்ட் தாங்க முடியலைன்னா அதுக்கும் தாங்காது. எப்பவும் தண்ணி வை. அவ்வளவுதான். எல்லாமே ஓசி' என்றார்.

முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிச்சவன், ஆயின்ட்மென்ட்டுக்கும் ஊசிக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் ரெண்டாயிரத்துக்கு மேல அழுதேன். அம்மாவிடமும் உண்மையைச் சொல்லிட்டேன். அவங்க ஒரு வாரம் என்கிட்ட பேசலை. ஜூலி ரெண்டே நாளில் பேசிட்டா.

திரும்பி வர்ற வழியில் ஆட்டோ வைசியாள் வீதி வழியா வந்தது. கீழே திண்ணையும் மரத்தூணுமா தமிழ் வீடு, மேலே வளைவு ஜன்னலோட பிரெஞ்சு பங்களான்னு கலந்து கட்டின வீடுகள் இருக்கிற தெரு. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது வாங்கின தெரு. சின்ன வயசிலிருந்து நூறு தடவை கடந்திருப்பேன். 'இது ஒரிஜினல் பிரெஞ்சு வீடு இல்லையே'ன்னு எவனாவது சிரிச்சுப் பார்த்திருக்கோமா? எங்கிருந்தோ வந்து, நம்ம வெயிலுக்கும் நம்ம ஆளுங்களுக்கும் ஏத்த மாதிரி மாறி, இந்த ஊராவே ஆகிப்போனது. மடியில் கிடந்த ஜூலியைப் பார்த்தேன். ஆட்டோ பின்னாடி ஓடி வந்த ஒரு தெரு நாயைப் பார்த்து, அந்தக் கோலத்திலும் வீராவேசமா குரைச்சுக்கிட்டிருந்தா.

இப்போ ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. மணிக்கு நாலே மாசத்தில் முடி வந்துடுச்சு. ஜூலிக்கு முதுகில் வந்துடுச்சு. வலது தொடை பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் இன்னும் சரியா வரலை. வாரத்துக்கு ரெண்டு நாள் சீவி விடும்போது சீப்பு அந்த இடத்துக்கு வந்தா நானாவே மெதுவாகிடுறேன். சாயங்காலம் நாலரைக்குத் திண்ணையில் மறுபடி மாநாடு நடக்குது. வாண்டுகள் 'வெள்ளச்சி'னு கூப்பிடுறாங்க.

அந்த கிளாஸ்மேட்டும் போன மாசம் வந்திருந்தான், பொம்மையோட. ரெண்டரை கிலோ ஆரஞ்சு உருண்டை எங்க ஏழு கிலோ வெள்ளைக்காரியைப் பார்த்துட்டு என் செருப்புக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிச்சு. ஜூலி போய் மோந்து பார்த்துட்டு, தன் தட்டிலிருந்த இட்லியை அதுக்கு விட்டுக்கொடுத்துட்டு வந்து படுத்துக்கிட்டா. ரெண்டும் ஒரே குடும்பம்தானே, தூரத்துச் சொந்தம்!

ஆயாகிட்ட கேட்டேன்: 'ஆயா, இது என்ன ஜாதி நாய் தெரியுமா?'

'நம்ம வூட்டு நாய்டா' என்றார்கள், பாக்கு இடித்துக்கொண்டே.

கிளம்புங்க பாஸ்... உங்க தெரு வெள்ளை நாய் கேட்டுல காத்துக்கிட்டிருக்கும். கையில டிரிம்மர் இருந்தா உள்ளே வச்சுட்டு, ஒரு சீப்பை எடுத்துக்கிட்டுப் போங்க!